எலும்புத்தூள்

என் வீட்டுக்காரர் சிராஜுதீனுக்கு மளிகைக்கடையைத் தவிர ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் பல் டாக்டராகவே மாறிவிட்டார்.

மகள் ஷைஸ்தா திருபுவனையில் வேலைக்குப் போகிற வழியில் ஸ்கூட்டியோடு விழுந்து, முன்பல் வேர்வரைக்கும் வெடித்துவிட்டது. டாக்டர் இளவரசி காலையில் அதைப் பிடுங்கி, குழியில் எலும்புத்தூளை நிரப்பித் தையல் போட்டார்.

"சும்மா வுட்டா தாடை எலும்பு கரைஞ்சிடும் பாய். அப்பறம் புதுப் பல்லு நிக்க எடம் இருக்காது. நாளைக்கி வரைக்கும் துப்பக்கூடாது, வாய் கொப்பளிக்கவே கூடாது."

கல்யாண வயதுப் பெண். அந்த இடத்தில் ஒரு பல் நின்றாக வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் கவலை.

வீட்டுக்கு வந்ததும் மனுஷன் ஆரம்பித்தார். உப்பு டப்பாவை ஒளித்து வைத்தார். வெந்நீர் போடப் போன என்னிடம், "இன்னாடி, எலும்ப கழுவி வுடப் பாக்குறியா?" என்று எகிறினார். மாத்திரை மயக்கத்தில் அவள் தூங்க, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. தினமும் சொல்கிற பேச்சு, அவர் வாயிலிருந்து தானாக வந்தது: "எந்திரிம்மா, தொழுவணும். ஒளு எடு."

அரைத்தூக்கத்தில் எழுந்து குழாயடிக்குப் போனாள். கையைக் கழுவினாள். நான் அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டு ஓடுவதற்குள், தொழுகைக்கு முன்னால் ஒளு எடுக்கும்போது எப்போதும் செய்வதுபோல மூன்று தடவை கொப்பளித்துத் துப்பிவிட்டாள். ரத்தத்தோடு ரவை மாதிரி வெள்ளைத் துகள்கள் தரையில் கிடந்தன.

அவர் குந்தி உட்கார்ந்து அவற்றை விரலால் கூட்டப் பார்த்தார். தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. திட்ட வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் குழாயை மட்டும் மூடினேன்.

டாக்டருக்கு போன் போட்டார்.

"பஞ்ச வச்சி கடிச்சிக்கச் சொல்லுங்க பாய். எவ்ளோ போச்சின்னு காலைல பாத்தாதான் தெரியும். இப்ப ஒண்ணும் பண்ண முடியாது."

"என் எலும்புல எடுத்து வச்சிடுங்கம்மா" என்றார். "எங்க வேணும்னாலும் எடுத்துக்குங்க."



"காலைல புள்ளய கூட்டிக்கினு வாங்க பாய்."

போனை வைத்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த ஷைஸ்தாவால் "பரவால்ல அத்தா" என்றுகூடச் சொல்ல முடியவில்லை.