பூவரசு நாற்காலி

ஜெயசீலி பல்லாவரத்துப் பள்ளியில் கைத்தொழில் டீச்சர். அன்று சாயங்காலம் மின்சார ரயிலை விட்டு இறங்கி, கிழக்குத் தாம்பரத்தில் தன் தெருவுக்குள் திரும்பியபோதே வானம் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் காரணம் புரிந்தது. பூவரசு மரம் தரையில் கிடந்தது.

முன்வீடு அண்ணன் சத்தியநாதனுக்கு, பின்னாலிருந்த ஒற்றை அறையும் முற்றமும் அவளுக்கு என்று அப்பா எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். மரம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. யாருடையது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. வேலை விட்டு வந்ததும் அண்ணனும் தங்கையும் அதன் கீழே நின்று இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

கோடரியோடு நின்ற மரவெட்டி சவுரிமுத்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னிய இன்னாம்மா மொறைக்கிற? சார் சொன்னாரு, வெட்டினேன்" என்றான்.

அண்ணன் வெளியே வந்தான்.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

"ஸ்கூட்டர் ஷெட் போடணும்."

"ஸ்கூட்டரே இன்னும் வரலியே. பேரைப் பதிஞ்சுதானே வச்சிருக்கீங்க?"

"வரும்போது வரட்டும். உன் பங்கு வேணும்னா அடிமரத்தை எடுத்துக்கோ. நாற்காலி செஞ்சு ஜம்முனு உட்காரு."

கேலியாகத்தான் சொன்னான். அவள் கண்ணீர் விடுவாள் என்று எதிர்பார்த்திருப்பான் போல. "சரி, அடிமரம் என்னுது" என்றாள். சவுரிமுத்துவைக் கொண்டே அதைத் தன் முற்றத்துக்கு உருட்டிவிட்டாள்.

பச்சை மரத்தில் நாற்காலி செய்ய அவளுக்குத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் ஸ்வீடன் தேசத்து மிஸ் ஒருத்தி கற்றுக்கொடுத்திருந்தாள். ரம்பம் கிடையாது. ஆப்பு வைத்து அடித்தால் மரம் தன் நரம்போடு தானே பிளக்கும். சனிக்கிழமை காலையில் முதல் ஆப்பை இறக்கினாள். ஒவ்வொரு அடியும் முன்வீட்டுச் சன்னலில் போய் மோத வேண்டும் என்று நினைத்தே அடித்தாள். மரம் கிழிந்த சத்தம் கேட்டு அண்ணி ரத்தினபாய் சன்னலைச் சாத்தினாள். ஜெயசீலிக்கு அது திருப்தியாக இருந்தது.

இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தியால் கால்களைச் சீவினாள். பட்டையை நாராக உரித்து, உட்காரும் இடத்துக்குக் கயிறாகத் திரித்தாள். சீவல்கள் ஈரமாகச் சுருண்டு விழுந்தன. காற்றில் பறந்து முன்வீட்டுப் பக்கம் போனதை அவள் பெருக்கவில்லை.

அண்ணன் முற்றத்து ஓரம் வந்து நின்றான். "பச்சை மரம். காஞ்சா சுருங்கிக் கழண்டு விழும்."

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அவனை மட்டம் தட்டும் ஆசை விடவில்லை. "சுருங்கட்டும்னுதான் காலைப் பச்சையா வச்சிருக்கேன். குறுக்குச் சட்டம் மட்டும் நல்லா காஞ்சிருக்கணும். அதைப் பச்சைக் கால்ல அடிச்சு இறக்கினா, கால் காயக் காய இறுக்கிப் பிடிச்சுக்கும். சட்டத்துல ஈரம் இருந்தாத்தான் ஆடும்" என்றாள், அந்தத் தெருவுக்கே கேட்கும்படி.

கால்களை ஈரச் சாக்கில் சுற்றிவைத்தாள். சட்டங்களைக் குளியலறைத் தகரக் கூரைமேல் வெயிலில் பரப்பினாள். கலகலவென்று சத்தம் கொடுக்கும் அளவுக்கு அவை காய்ந்த பிறகு, கால்களில் போட்டிருந்த துளைகளின் அளவிலேயே ஒரு துண்டுக் கட்டையில் போட்ட துளையில் விட்டுப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தின. மறுநாள் பள்ளிவிட்டு வந்து அடித்துவிடலாம் என்றிருந்தாள்.

மறுநாள் ஒரு சட்டம்கூடத் துளைக்குள் போகவில்லை. ஊறி வீங்கியிருந்தன. முற்றத்து மண் புழுதியாகக் கிடந்தது, மழை இல்லை. சட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெளுத்த மரத்தில் திட்டுத் திட்டாக நீலம். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டுநீலம்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டே முன்வீட்டுக்குள் போனாள். அண்ணன் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"மரத்தை வெட்டினீங்க. அதுவும் போதலையா உங்களுக்கு?"

அவன் சட்டத்தைப் பார்த்தான்.

"அவரை ஏன் கேக்கறே? துணி அலசின நீலத் தண்ணியை நான்தான் அதுமேல ஊத்தினேன்" என்றாள் அண்ணி. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். குரல் உயரவே இல்லை. "மரத்தை வெட்டச் சொன்னதும் நான்தான்."

ஜெயசீலி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வீட்டுக்கு நான் வந்த நாள்லேருந்து எல்லா முடிவும் அந்த மரத்தடியிலதான். என் வளையலை வித்தது, என் பொண்ணை ஹாஸ்டல்ல சேர்த்தது, எல்லாம். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சப்புறம், உள்ள வந்து எங்கிட்ட சொல்வார். நான் ஜன்னல்லேருந்து பார்த்துட்டே நிப்பேன். ஒருநாள்கூட நீ 'அண்ணி, வாங்க'ன்னு கூப்பிட்டது கிடையாது." அண்ணி ஜெயசீலியின் கையிலிருந்த சட்டத்தைக் காட்டினாள். "இப்போ அதையே நாற்காலியாக்கி அதே இடத்துல போடுவே. இவர் வந்து பக்கத்துல நிப்பார். மறுபடியும் ஆரம்பிக்கும்."

"உங்க வளையலை நானா விக்கச் சொன்னேன்?"

"வேண்டாம்னு சொன்னியா?"

சொல்லவில்லை. ஆனால் அதை அண்ணிக்கு முன்னால் ஒப்புக்கொள்ள ஜெயசீலிக்கு வாய் வரவில்லை. "ஊத்தினது ஊத்தினதுதான். உங்களை மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

"நான் கேக்கலையே."

அண்ணன் மீதிக் காபியைக் குடித்து முடித்தான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு இத்தனை நாள் அவன் நடித்தது அண்ணிக்காகவா, அல்லது இரண்டு பெண்களுக்கும் நடுவில் நிற்கப் பயந்தா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அவனைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

சட்டங்களை அடுப்பில் சூடாக்கிய மணலில் புதைத்து மறுபடியும் காயவைத்தாள். நீலம் போகவில்லை. சீவி எடுத்தால் முனை மெலிந்துவிடும் என்பதால் அப்படியே விட்டாள். காய்ந்ததும் ஒவ்வொன்றாக அடித்து இறக்கினாள். கடைசி அடிகளில் மரம் கீச்சிட்டு வழிவிட்டது. பட்டைக் கயிற்றால் இருக்கையைப் பின்னி முடித்து, அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். அசையவில்லை.

அடுத்த மாதமே கீழ்க்கட்டளையில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். வண்டியில் நாற்காலியை மேலே கட்டினாள். அண்ணி சன்னலைத் திறந்துவைத்து, வண்டி தெருவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு அண்ணன் மட்டும் கேக் எடுத்துக்கொண்டு வந்தான். ஜெயசீலி அவனுக்குப் பாயை விரித்துப் போட்டாள்; தான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தான். அவன் கண்ணுக்கு நேராக அந்த நீலச் சட்டம் இருந்தது.

"ஆடுதா?" என்று கேட்டான்.

"இல்லை."

கேக்கைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு வைத்தாள். "அண்ணி எப்படி இருக்காங்க?" என்று கேட்க வேண்டிய இடம் வந்தது. அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லாமலே எழுந்து போனான்.