மறுபடி எண்ணு

கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சலை அவள் அன்று காலை எத்தனை முறை படித்தாள் என்று கேட்டால் அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் சந்தோஷம் வரவேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

"மாண்புமிகு பேராசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தார்கள். அவள் பேராசிரியர் இல்லை. மாண்பைப் பற்றி வீட்டில் இருவேறு கருத்துகள் உண்டு.

"விசிட்டிங் கார்டுல 'டாக்டரோட வீட்டுக்காரர்'னு அடிச்சுக்கட்டுமா?" என்றான் கணவன், சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டே. அவன் லிஃப்ட் மெக்கானிக். "லிஃப்ட்டுக்குள்ள மாட்டினவங்க கொஞ்சம் மரியாதையா கத்துவாங்க."

"இன்னும் ஆகலைங்க. சாயங்காலம் ஆஃபீஸ் மூடறதுக்குள்ள எல்லாத்தையும் குடுக்கணும்."

"அதான் பேப்பர் ஏத்துக்கிட்டாங்களே! அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே?"

அது அவளுக்கும் தெரியவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள் என்பதுதான் சரி.

ஆய்வகத்தில் அவளுக்குப் 'பூஞ்சை' என்று பெயர். மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு மூச்சிரைக்கும்போது மருந்தைப் புகையாக இழுக்க வைப்பார்களே, நெபுலைசர், அதன் முகமூடிகளில் பூஞ்சை எப்படி வளர்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. கல்யாண வீட்டில் யாராவது "என்ன படிக்கிறே?" என்று கேட்டால், பதிலைக் கேட்டபின் அவள் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்த கடைசி நீட்டிப்பு அன்றோடு முடிகிறது. ஆய்வேட்டோடு, ஓர் இதழ் கட்டுரையை ஏற்ற கடிதமும் வேண்டும். அது ஒழுங்கான இதழ்தான் என்று நூலகர் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. இத்தனை வருஷமும் போச்சு. முதலில் அனுப்பிய இதழ் கனிவாக வருத்தம் தெரிவித்துத் திருப்பி அனுப்பியது. அந்த வாரமே இன்னோர் இதழிலிருந்து தானாக அழைப்பு வந்தது. 'அகில உலக அனைத்துத்துறை உயர் ஆய்வு இதழ்'. ஓப்பன் ஆக்சஸ், சந்தா கட்டாமல் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

குழந்தைகள் வார்டு சிஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ஜர்னல்ல வரட்டும்மா, வந்ததை நான் படிக்கிற மாதிரி காட்டுங்க. அன்னிக்கே வார்டுல மாத்திடறேன், முகமூடிய ஈரத்தோட பைக்குள்ள போடாம ரேக்ல காயவெப்போம். வாய்வார்த்தைக்கெல்லாம் மாத்திட்டிருந்தா என் வேலை போயிடும்."

பதறியடித்துக்கொண்டு அனுப்பினாள். தலைவலி மாத்திரை வேலை செய்ய எடுக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

*

நூலகர், 'இங்கே உண்ணக் கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"கையெழுத்துதானே? போட்டுடலாம். உக்காரு. மொதல்ல இவன் எந்தத் தெருவுல இருக்கான்னு பாப்போம்."

"அக்கா, கைடு சார் ரூம்ல காத்திட்டிருக்காரு."

"இருக்கட்டும். உன் டிராஃப்டை எட்டு மாசம் மேஜைல வெச்சிருந்தாரே, அப்ப நீ காத்திட்டிருக்கலையா?"

இதழின் முகவரியைத் தட்டினார். வரைபடம் ஒரு தெருவைக் காட்டியது. கட்டட எண் இருந்த இடத்தில் ஷட்டர் இறக்கிய முடிவெட்டும் கடை.

"மாடில ஆஃபீஸ் இருக்கலாம்ல?" என்றாள் பூஞ்சை.

"மாடியே இல்லடி."

அடுத்து, இதழ் என்னென்ன வெளியிடுகிறது என்று பார்த்தார். பூஞ்சையியல், பாலம் கட்டுதல், குடும்பச் சட்டம், விளையாட்டு உளவியல். "எல்லாத்தையும் ஒரே ஆள் படிச்சுப் பாக்கறான்னா அவனைத்தான் ஆராய்ச்சி பண்ணணும்." ஆசிரியர் குழுவை உருட்டினார். விரல் சட்டென்று நின்றது. "இவரு நம்ம தாவரவியல் வாத்தியாராச்சே!"

மறுபேச்சுக்கு இடமில்லாமல் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஓய்வுபெற்ற தாவரவியல்காரர் இருமினார், விஷயத்தைக் கேட்டார், பிறகு வெடித்தார்.

"நான் எடிட்டரா? என் போட்டோவ எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கானுங்கம்மா! எடுத்துடுங்கடான்னு எத்தனை மெயில் போட்டிருப்பேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் 'தங்கள் மேலான கட்டுரைக்கு நன்றி'ன்னு பதில் வருது!"

நூலகர் போனை வைத்தார். பூஞ்சையின் மனசு மட்டும் கடைசிப் பிடியை விடவில்லை.

"ஓப்பன் ஆக்சஸ்னாலே உங்களுக்கெல்லாம் சந்தேகம்க்கா."

"யாரு சொன்னா? உன் விஷயத்துக்கே நல்ல இதழா நான் இப்பவே காட்டறேன், அத்தனையும் எல்லாரும் சும்மா படிக்கிற மாதிரி திறந்து வெச்சதுதான். யார் நடத்தறாங்க, யார் திருத்தறாங்க, எவ்வளவு வாங்குவாங்க, எல்லாம் மொதல் பக்கத்துலயே இருக்கும். கதவு திறந்திருக்கறது தப்பில்லடி. உள்ள ஆளு இருக்கானான்னு பாத்துட்டுத்தான் செருப்பைக் கழட்டணும்."

அந்த நேரம் பார்த்து பூஞ்சையின் போன் அதிர்ந்தது. வழிகாட்டிப் பேராசிரியர்.

"என்னம்மா, கையெழுத்து ஆச்சா? ஆஃபீஸ்ல க்யூ நிக்குது. இன்னிக்கு விட்டா பதிவு போச்சு, ஞாபகம் இருக்கட்டும்."

"இதோ சார், வந்துட்டேன் சார்."

நூலகர் பேனாவின் மூடியைக் கழற்றினார். முகத்தில் கேலி இல்லை. "உன் நிலைமை எனக்குத் தெரியும். நீ சொன்னா போடறேன். மேல யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு. ஒரு கட்டுரைய ஒரு இடத்துலதான் போட முடியும். இங்க போட்டா அது இங்கயே செத்துது. நாளைக்கு அந்த சிஸ்டர் டாக்டர்கிட்ட காட்டுவாங்க, அவரு இதழ் பேரைப் பாத்துட்டுச் சிரிப்பாரு. முகமூடி எப்பவும் போல ஈரத்தோட பைக்குள்ள போகும்." பேனாவை மேஜைமேல் வைத்தார். "அச்சுக்கு ரெடியான பக்கம் அனுப்பியிருக்கானா?"

அனுப்பியிருந்தார்கள். காலையில் வந்தது. பயத்தில் அவள் திறக்கவே இல்லை.

*

இந்த இடத்தில் வழிகாட்டியின் எழுத்துப் பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணினியில் ஓரத்தில் குறிப்பெழுத ஒரு வசதி உண்டென்று யார் சொல்லியும் அவர் நம்பியதில்லை. "ஓரத்துல எழுதினா நீங்க ஓரமாத்தான் வெப்பீங்க" என்பார். அதனால் மாணவர்களின் கட்டுரைக்கு நடுவிலேயே, வாக்கியம் முடிந்த இடத்தில், பெரிய எழுத்து ஆங்கிலத்தில் திட்டிவைப்பார். சொன்னதைச் செய்தபின் திட்டை அழிப்பது மாணவர்களின் வழக்கம். திட்டு இருந்தால் வேலை பாக்கி என்று அர்த்தம்.

அச்சுப் பக்கம் பளபளவென்று இருந்தது. இரண்டு பத்தி, அழகான எழுத்து, அவள் பெயர் தடிமனாக. நூலகர் நிதானமாகக் கீழே உருட்டினார். முன்னுரை. செய்முறை. முடிவுகள். இரண்டாவது அட்டவணை.

அட்டவணைக்குக் கீழே, ஒரு துணைத்தலைப்பாக, நீல வண்ணத்தில், நடுவில் அமைத்து, வழிகாட்டியின் ஆங்கிலம். தமிழில் சொன்னால்:

இது எப்படிப் பூஜ்யமாகும்? மறுபடி எண்ணு. என் மானத்தை வாங்காதே.

நூலகர் வாயில் பிஸ்கட்டோடு சிரித்துப் புரையேறிக் கண்ணில் நீர் வர இருமினார். "துணைத்தலைப்பு போட்டிருக்கான்டி! நீலக் கலர் வேற!" முன்பு வந்த, இதழின் இரு மதிப்பீட்டாளர்களின் அறிக்கையை எடுத்து வாசித்தார்: "'மொழிநடை மிகச் சிறப்பு. தர்க்க ஓட்டம் தெளிவு. மாற்றம் தேவையில்லை.' ரெண்டு பேரும்! ரெண்டு பேரும் உங்க சார் திட்டினதையும் சேத்து ஏத்துக்கிட்டாங்க!"

பூஞ்சை சிரிக்கவில்லை. சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் இன்னொன்று உறைத்துவிட்டது. அந்தத் திட்டை அவள் மறந்துபோய் விட்டுவைக்கவில்லை. முகமூடியில் ஒற்றியதை வளர்த்த தட்டுகளில் முளைத்ததை அப்புறம் எண்ணலாம் என்று, வேண்டுமென்றே விட்டுவைத்தது.

இன்னும் எண்ணவில்லை.

*

வழிகாட்டியின் அறையில் மேஜை, நாற்காலி, ஜன்னல் திட்டு எல்லாவற்றிலும் காகிதம். உட்கார வேண்டுமென்றால் யாருடைய ஆய்வேட்டையாவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அச்சுப் பக்கத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"சரி. ஒரு வரிதானே? தூக்கிட்டு அனுப்பிடு. இப்ப போயி கையெழுத்து வாங்கு."

"சார், அவங்க படிக்கவே இல்லை சார்."

"எனக்கும் தெரியுதும்மா. நான் என்ன முட்டாளா?" குரல் உயர்ந்தது. "அந்த இதழ் குப்பைதான். அடுத்தது நல்ல இடத்துல போடு. இன்னிக்கு இதைக் குடுக்கலைன்னா நீ யாரு? வெறும் வீட்டுக்குப் போற ஆளு! இத்தனை வருஷம் கழிச்சு வாசல்ல நின்னுக்கிட்டு நல்லவ வேஷம் போடறியா?"

அவர் சொன்னது பொய்யும் இல்லை. அலுவலக வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவளைவிட மோசமான கடிதங்களோடு நிற்பவர்கள் அதில் இருக்கலாம். மடியிலிருந்த யாரோ ஒருவரின் ஆய்வேட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க எண்ணச் சொன்னீங்க."

"என்ன?"

"மறுபடி எண்ணுன்னு. நான் எண்ணலை சார். அதனாலதான் அந்த வரி அங்கயே இருக்கு."

அவர் அச்சுப் பக்கத்தைக் கீழே வைத்தார்.

அவரிடம் ஆயிரம் குறை சொல்லலாம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுவார், பிறந்தநாளை மறப்பார், டிராஃப்டுகளை மேஜையில் புதைத்துவிடுவார். ஆனால் எண்ணாமல் விட்ட ஒரு தட்டை அவரால் தாங்க முடியாது. மெதுவாக நாற்காலியை அவள் பக்கம் இழுத்தார்.

"திறந்த ரேக்ல காயவெச்ச முகமூடி?"

"அதுதான் சார். பூஞ்சை சுத்தமா இல்லைன்னு போட்டிருக்கேன்."

"அதை நம்பி நீ கடைசியில என்ன எழுதியிருக்கே?"

அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்: "ரேக்ல காயவெச்சாலே போதும், கொதிநீர்ல போடத் தேவையில்லைன்னு."

"படத்தை எடு."

மடிக்கணினியில் வளர்ப்புத் தட்டுகளின் படங்களைத் திறந்தாள். இருவரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். முதல் தட்டு சுத்தம். அடுத்ததும். அதற்கடுத்ததைப் பெரிதாக்கியபோது அவர் விரல் திரையில் ஒரு மூலையைத் தொட்டது. தண்ணீர் தெறித்த மாதிரி, நிறமே இல்லாத, பார்க்கிறவன் அவசரத்தில் இருந்தால் கண்ணில் படவே படாத புள்ளிகள்.

"இது என்னம்மா?"

அவளுக்கு அது என்னவென்று தெரியும். அவள் பெயரே அதுதான்.

இன்னும் சில தட்டுகளில் இருந்தன. பைக்குள் வைத்ததோடு ஒப்பிட்டால் கொசுறுதான். ரேக் நல்லது என்பதில் மாற்றமில்லை. ஆனால் பூஜ்யம் இல்லை. கொதிநீரை விடலாம் என்று சொல்ல முடியாது. அந்தக் கறாரான சிஸ்டர் அதைப் படித்து, நம்பி, அன்றைக்கே மாற்றியிருப்பார்.

பிறகு அவர் தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"சிறப்பு நீட்டிப்புக்கு லெட்டர். காரணம் கேப்பாங்கல்ல?" ஒற்றை விரலால் அடித்தார், வழக்கம்போலப் பெரிய எழுத்தில். டிராஃப்ட் எட்டு மாதம் என் மேஜையில் இருந்தது. தாமதம் என்னுடையது. மாணவியைத் தண்டிக்க வேண்டாம். அடித்து முடித்ததும் அவளைப் பார்க்காமலே சொன்னார்: "குடுத்தாலும் குடுப்பாங்க, விட்டாலும் விடுவாங்க. நான் ஜாமீன் இல்ல. போ, மூடறதுக்குள்ள போ."

ஓடினாள். அலுவலக ஜன்னலில் இருந்தவர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். கடிதத்தைப் படித்தார், திரும்பவும் படித்தார். "பேராசிரியர் தன் தப்புன்னு எழுதிக் குடுத்து நான் பாத்ததே இல்லைம்மா" என்று முத்திரை குத்தினார். "கமிட்டி முடிவு பண்ணும். எதையும் நம்பி ஸ்வீட் வாங்கிடாதீங்க."

பதிப்புரிமைப் படிவத்தில் அவள் இன்னும் கையெழுத்திடாதது நல்லதாகப் போயிற்று. நூலகத்தில் உட்கார்ந்தே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினாள். நூலகர் அடுத்த பிஸ்கட்டை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது: திரும்பப் பெறக் கட்டணம் உண்டு.

"பாத்தியா," என்றார் நூலகர், "உன் மெயில்ல இதை மட்டும் படிச்சிருக்கான். குடுக்காதே. நானும் ஒரு லெட்டர் போடறேன், என் இங்கிலீஷ் உங்க சார் இங்கிலீஷவிட மோசம்."

வீட்டில் கணவன் கேக் வாங்கி வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் டப்பாவை மெல்ல மேஜைக்கு அடியில் தள்ளினான்.

"ஆகலையா?"

"ஆகலைங்க."

"பரவால்ல. கார்டு இன்னும் அடிக்கலை."

*

கமிட்டி முணுமுணுத்துவிட்டு ஒரு நீட்டிப்பு கொடுத்தது. இனி தெய்வமே வந்தாலும் இல்லை என்ற குறிப்போடு. திருத்திய கட்டுரையை நூலகரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்த வேறோர் ஓப்பன் ஆக்சஸ் இதழுக்கு அனுப்பினாள். அங்கே யாரும் அவளை மாண்புமிகு என்று அழைக்கவில்லை. பதிலும் வரவில்லை. வாரங்கள் போயின. நீட்டிப்பு கரைந்துகொண்டே வந்தது. மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் லிஃப்ட் அறுந்து விழுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ஒரு மத்தியானம் வந்தது. ஏற்பு இல்லை, மறுப்பும் இல்லை. பெரிய திருத்தங்கள் தேவை என்றது. இரண்டு மதிப்பீட்டாளர்கள். முதலாமவர் பொறுமையானவர். இரண்டாமவர் பெரிய மனிதர்களுக்கே உரிய எரிச்சலோடு பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். முகமூடியை எந்தப் பக்கம் கவிழ்த்து வைத்தாய், ரேக்குக்கு மேலே மின்விசிறி இருந்ததா, அந்த வார்டில் கொதிநீர் உண்மையிலேயே கொதித்ததா, உனக்கு யார் சொன்னது. இரண்டாவது அட்டவணையில், திறந்த ரேக் வரிசையில், கூட்டுத்தொகை ஒன்று உதைக்கிறது என்று கேள்விக்குறி. கடைசியில் ஒரு வரி: தயவுசெய்து மறுபடி எண்ணவும்.

அவள் அதை அச்செடுத்து வழிகாட்டியின் அறைக்கு எடுத்துப்போனாள். அவர் நின்றுகொண்டே படித்தார். இரண்டாமவரின் பக்கங்களுக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"யாரும்மா இந்த ஆளு? என்னைவிட மோசமா திட்டறான்."

"ஆமா சார்," என்றாள் பூஞ்சை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வரி வரியா படிச்சிருக்காரு சார்."

"அழறியா என்ன?"

"இல்ல சார். டஸ்ட். உங்க ரூம்ல தட்டு வெச்சா என்னென்ன வளரும்னே தெரியாது."

அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். பக்கத்து நாற்காலியிலிருந்த ஆய்வேடுகளைத் தூக்கித் தரையில் வைத்தார்.

"உக்காரு. முதல் தட்டுலேர்ந்து ஆரம்பி."