ஒரே சூடு

1

"தலை கனமா இருக்கு, கிளம்பட்டுமா?" என்று அண்ணி கேட்டதுதான் இந்தக் கதைக்கு விதை. கேட்ட இடம், மின்மானிகளைச் சரிபார்க்கும், எப்போதும் இருபத்துமூன்று டிகிரியிலேயே வைத்திருக்கும் ஜன்னலில்லாத அறை.

"இன்னும் ஒரு தடவைதான் அண்ணி" என்றாள் அவள்.

(அவள் என்றால் நான்தான். 'நான்' என்று மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.)

2

அந்த ஒரு தடவை எதற்கென்று சொல்லிவிடுகிறேன்.

ஏ.சி. மின்னழுத்தம் ஏறும், இறங்கும், திசை மாறும். வெறும் சராசரி எடுத்தால் பூஜ்யம். ஆனால் கம்பி சுடுகிறதே! அதனால் முடியைவிட மெல்லிய கம்பி ஒன்றில் அதைச் செலுத்தி, ஒரு முள் காட்டும் சூட்டைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஆடாமல் நிற்கும் டி.சி.யைக் கொடுத்து, அதே சூடு வரும்வரை திருகுவார்கள். அப்போது நிற்கும் எண்தான் அந்த ஏ.சி.க்குச் சமமான டி.சி. கடைசியில் மறுபடி ஏ.சி. கொடுத்து, இதற்குள் கம்பியின் குணம் மாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு மூன்று நிமிடம். அதைத்தான் அவள் கேட்டாள்.

3

ஸ்விட்ச் பக்கம் அண்ணி, முள் பக்கம் அவள். பதினோரு வருடம் அப்படித்தான்.

"உன் அண்ணனையும் இந்தக் கம்பில விட்டுப் பார்க்கணும்" என்பார் அண்ணி. "ஒரு நாள் ஏறுறார், ஒரு நாள் இறங்குறார். மொத்தத்துல எவ்வளவுன்னாவது தெரியும்ல."

அன்றும் அதைச் சொன்னாரா? அந்த மூன்று நிமிடமும் அண்ணி கண்ணை மூடி, நெற்றியைப் பிடித்தபடி—

இல்லை. எனக்குத் தெரியாது. நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனவிலும் முள்தான் வருகிறது, நீருக்கடியில் அசைவதுபோல மெல்ல ஏறிக்கொண்டே. திரும்பிப் பார்க்க நினைப்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

4

ஒரு முடிவு: "போங்க அண்ணி" என்கிறாள். அண்ணி வீடு சேர்ந்து படுக்கிறார். பக்கத்தில் அண்ணன் இருக்கிறார்.

நடந்தது: கம்பி மாறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அண்ணி பேருந்து நிறுத்தம்வரை நடந்து, பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. முன்பே கிளம்பியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பிழைத்திருக்க மாட்டார் என்றும் அவர் சொல்லவில்லை.

அண்ணி கிளம்பக் கேட்டது அண்ணனுக்குத் தெரியாது.

இதை முதலில் படிக்கப்போவது அவர்தான். நாளைக்குக் கையில் கொடுத்துவிடுவேன். படித்துவிட்டு அவர் என்ன சொல்வார் என்பதை நான் எழுதக் கூடாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அறையில் இன்றும் இருபத்துமூன்று டிகிரிதான்.