விரதக்காரனின் செங்கல் நிறம்

கிஷனின் சோதனைக் குழாய் செங்கல் நிறத்துக்குப் போயிருந்தது. பக்கத்தில் ரையனுடையது, ஊற்றிய நீலத்திலேயே சமர்த்தாக நின்றது.

மருந்தியல் மாணவர்கள் தங்கள் சிறுநீரையே கொண்டுவந்து, பெனடிக்ட் கரைசலில் சூடாக்கிச் சர்க்கரை தேட வேண்டும். உயிர்வேதியியலும் நோயும் என்ற பாடத்துக்கு அன்று செய்முறைத் தேர்வு. நீலம் என்றால் சர்க்கரை இல்லை. செங்கல் என்றால் ஏகத்துக்கும் இருக்கிறது.

கிஷனுக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டு குழாயில் இருந்ததும் ரையனின் சிறுநீர்தான்.

மாசி மகத்துக்குக் காவடி எடுக்க கிஷன் விரதம் இருந்தான். விபூதி இருக்கும் பையில் மூத்திரப் புட்டியை வைத்து வீடிருக்கும் ரெம்பியாவிலிருந்து பஸ் ஏற மனம் வரவில்லை. "நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரன்தானே, எனக்கும் ஒன்னு குடுத்துருடா" என்று ரையனிடம் கேட்டான்.

"எங்க சாமிக்கு மட்டும் மூக்கு இல்லையா?" என்றான் ரையன். ஆனாலும் கொடுத்தான்.

விரிவுரையாளர் பவானேஸ்வரி வந்து குழாயைப் பார்த்தார். "கிஷன், காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒன்னும் இல்ல மேடம். விரதம்."

"வெறும் வயித்துல இவ்வளவா? வீட்டுல யாருக்காச்சும் இனிப்பு நீர் வியாதி இருக்கா? இன்னிக்கே கிளினிக் போ."

அவர் நகர்ந்ததும் ரையன் தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்தபடி குனிந்தான். "பாவம்டா நீ. காவடிய எப்படித் தூக்கப் போற?"

"டேய், அது நீ."

"எது நான்?"

"செங்கல்."

"நான் நீலம்லா." ரையன் தன் குழாயைக் காட்டினான்.

உண்மையைச் சொன்னால் பாடம் போச்சு. சொல்லாவிட்டால், இல்லாத நோய்க்குக் கிஷன் கிளினிக் போவான். இருக்கிறவன் கேன்டீனுக்குப் போவான். கிஷன் கையைத் தூக்கினான்.

மேடம் முழுதும் கேட்டுவிட்டு இருவருக்கும் முட்டை போட்டார். பிறகுதான் கேட்டார்: "ஒரே ஆளு, எப்படி ரெண்டு கலர்?"

"ஒன்னு வீட்டுல எழுந்ததும் புடிச்சது மேடம்," என்றான் ரையன். "இவனோடது கேன்டீன்ல ரொட்டி சானாய், இனிப்பு டீ தே தாரேக் எல்லாம் முடிச்சிட்டு."

"சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை ஏறும்," என்றது கிஷனின் வாய், அவனைக் கேட்காமலே. "கிட்னி தாங்குற அளவத் தாண்டினா வெளிய வழியும்." செமஸ்டர் முழுக்கப் படித்தும் உள்ளே இறங்காத வரி அது.

"சரி. ஆனா சிறுநீர வச்சு மட்டும் முடிவு சொல்ல முடியாது. ரத்தம் பாக்கணும். ரையனக் கூட்டிட்டுப் போ."

"பதில் சொன்னதுக்கு மார்க் உண்டா மேடம்?" என்றான் கிஷன்.

"இல்ல."

பாச்சாங் கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் ரையன் சொன்னான், "நான் ரொட்டி சானாய் சாப்பிடாம இருந்திருந்தா ரெண்டும் நீலம். ரெண்டு பேரும் பாஸ்."

"ஆமா."

"எனக்கும் ஒன்னும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

"அப்போ ரொட்டி சானாய் எனக்கு நல்லதா, கெட்டதா?"

கிஷன் யோசித்தான். இறங்க வேண்டிய நிறுத்தம் பின்னால் போய்விட்டது.