விசிட்டிங் கார்டு ஜோசியம்

சீட்டுக் குலுக்கிக் குறி சொல்வது பாவம் என்று ஃபிளோராவுக்கு நன்றாகவே தெரியும். உவரியில் பிறந்து, மறைக்கல்வி வகுப்பில் இரண்டு தடவை பரிசு வாங்கியவள். ஆனால் விசிட்டிங் கார்டைக் குலுக்கக் கூடாது என்று எந்தச் சாமியாரும் இதுவரை பிரசங்கம் வைத்ததில்லை. அந்தச் சின்னச் சந்துக்குள் புகுந்துதான் அவள் நாலு வருஷமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருநெல்வேலி டவுணில் ரத வீதிக்குப் பின்னால் இருந்தது அவள் வேலை பார்த்த அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, இவைதான் அங்கே பிழைப்பு. ஃபிளோராவுக்குக் கட்டிங் மெஷினில் வேலை. எந்த வேலையை ஓட்டினாலும் மை சரியாக விழும்வரை முதலில் ஐம்பது அறுபது தாள் வீணாகப் போகும். அதெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு. அதில் பார்க்க லட்சணமாக இருந்ததை உருவி, கார்டு கார்டாக வெட்டி, ஃபிளோரா ஒரு கட்டு சேர்த்திருந்தாள். மொத்தம் எழுபத்திரண்டு. அல்வா டப்பா ஒன்றில் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, யாரும் தொடாதபடி மெஷினுக்கு அடியில் வைத்திருப்பாள்.

கிளி எடுக்கிற சீட்டில் சாமி வரும். ஃபிளோராவின் சீட்டில் ஜேசிபி வரும். ஜேசிபி வந்தால் ரொம்ப நாளாக நகராத காரியம் நகரும். போர்வெல் வந்தால் கைக்காசு ஆழமாகப் போகும், மேலே தண்ணீர் வருமா என்பது அவரவர் யோகம். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்தால் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வருவார், லேசில் கிளம்ப மாட்டார். வக்கீல் வந்தால் ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிறவர் வந்தால் பழசெல்லாம் கழிந்து நிம்மதி பிறக்கும், கொஞ்ச நேரம் மூக்கைப் பிடித்துக்கொண்டால் போதும். மூன்று சீட்டு எடுக்க வேண்டும். முதலாவது போனது, இரண்டாவது நடப்பது, மூன்றாவது வரப்போவது. மற்ற ஜோசியத்தில் பரிகாரம் கேட்டு அலைய வேண்டியிருக்கும். இதில் அந்தச் சிரமமே இல்லை, சீட்டிலேயே போன் நம்பர் இருக்கும்.

வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். கார்டு அடிக்க வந்தவர்களும் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் எதையும் நம்பவில்லை. மாரித்தாய் வரும்வரை.

மாரித்தாய், பைண்டிங் மேஜையில் வேலை செய்யும் முத்துராணியின் அம்மா. மாஞ்சோலையில் முப்பத்தொரு வருஷம் தேயிலை கிள்ளியவள். எஸ்டேட்டை மூடி எல்லாரையும் கீழே அனுப்பியபோது மகளோடு இறங்கி, ரெட்டியார்பட்டிப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள். வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் புது வீட்டில் இன்னும் பால் காய்ச்சவில்லை. கேட்டால், நல்ல நாள் வரட்டும் என்பாள். நல்ல நாளுக்கு முன்னால் வயிற்று வலி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பித்தப்பையில் கல். புதன்கிழமை ஆபரேஷன், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ரிப்போர்ட் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளைப் பார்க்க அச்சகத்துக்கு வந்தாள். சாப்பாட்டு நேரம். ஃபிளோராவின் டப்பா திறந்திருந்தது.

"ஏட்டி ஃபிளோரா, எனக்கும் பாரேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் சீட்டு, டூரிஸ்ட் பஸ். "மலைய விட்டு இறங்கினீகள்லா, அதாங்கக்கா" என்றாள் ஃபிளோரா. மாரித்தாய் தலையை ஆட்டினாள். இரண்டாவது சீட்டு, ஸ்கேன் சென்டர். எல்லாரும் 'அடேயப்பா' என்றார்கள். மாரித்தாய் கவரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது சீட்டைத் திருப்பினாள். கண்ணாடி மூடி போட்ட நீளப் பெட்டி, மேலே ஒரு மாலை, தலைமாட்டில் குத்துவிளக்கு. 'ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். இருபத்துநாலு மணி நேரமும் தொடர்புகொள்ளலாம். ஞானையா.'

ஃபிளோரா சுதாரிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "எக்கா, உங்க வீட்டுக்கு ஏசி வருது!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மாரித்தாயும் சிரித்தாள், உதட்டால் மட்டும். அதைப் பார்த்ததும் ஃபிளோராவுக்குச் சுருக்கென்றது. "சவத்தத் தூரப் போடுங்கக்கா, வேற எடுப்போம்" என்று சொல்லிவிட்டு, என்ன வார்த்தை சொன்னோம் என்று அதற்கப்புறம்தான் நாக்கைக் கடித்தாள். மாரித்தாய் வேறு சீட்டு எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் முத்துராணி முகம் வீங்கி வந்தாள். "அம்மா ஆபரேஷனுக்கு வர மாட்டாளாம், ஃபிளோராக்கா. போனா திரும்ப மாட்டேன்னு சொல்லுதா. நானும் மன்றாடிப் பாத்துட்டேன். சீட்டே சொல்லிட்டாம்."

ஃபிளோரா கட்டிங் மெஷினை நிறுத்திவிட்டு அப்போதே மாரித்தாய்க்குப் போன் போட்டாள்.

"எக்கா, அது சும்மா விளையாட்டுக்கா. வீணாப் போன தாள வெட்டி வச்சிருக்கேன். அதுக்கு என்ன தெரியும்?"

"மொத சீட்டு பஸ்ஸு. ரெண்டாவது ஸ்கேனு. அதெல்லாம் நீயா எடுத்துக் குடுத்த? என் கைதான எடுத்துச்சு?"

"எக்கா..."

"மலையில இருந்து இறங்குன்னாக, இறங்கிட்டேன். பொட்டிக்குள்ள இறங்குததுக்காவது நான் கொஞ்சம் யோசிச்சுக்கிடுதேன்." போன் வைக்கப்பட்டுவிட்டது.

நாலு வருஷமாக யாரையும் நம்பவைக்கவில்லை என்று ஃபிளோராவுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்ததுண்டு. இப்போது ஒருத்தி நம்பிவிட்டாள், அந்த ஒருத்திக்கு உயிர் போகிற வியாதி. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டப்பாவைத் திறந்து, அந்தப் பாழாய்ப்போன சீட்டைத் தேடி எடுத்தாள், கிழித்துப்போட. கிழிக்கப் போகும்போதுதான் அதைத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக, ஒரு பொட்டு மைகூட இல்லாமல் இருந்தது. இந்தக் கார்டை வெட்டியபோது இரண்டு பக்கமும் கலர் பார்த்த மாதிரி ஒரு ஞாபகம்.

மெஷின் ஓட்டுகிற சங்கிலிபூதத்தான் கிட்டத்தட்ட முப்பது வருஷம் அந்தத் தொழிலில் இருக்கிறார். ஃபிளோரா சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அண்ணாச்சி, இது ஒத்தப் பக்க வேலையா?"

அவர் ஒரு தடவை பார்த்தார். "ஞானையா கார்டுல்லா? ரெண்டு பக்க வேலை. நீ எடுத்து வச்சிருக்கது மொதப் பக்கம் மை பாத்த தாளு. மறுபக்கம் ஓட்டுததுக்குள்ள நீ உருவிட்ட."

"மறுபக்கம் என்ன?"

"நோட்டப் பாரு."

எல்லா வேலைக்கும் ஒரு மாதிரிக் கார்டை ஆர்டர் நோட்டில் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டிவைப்பது அங்கே வழக்கம், இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்க வசதியாக. ஃபிளோரா எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகத் தள்ளிக் கண்டுபிடித்தாள். கார்டைத் தூக்கிப் பார்த்தாள்.

மறுபக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பந்தல். வாழை மரம். நடுவில் பொங்கி வழியும் பால் பானை. 'ஞானையா பந்தல், சேர் வாடகை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, புதுமனை புகுவிழா.'

"இதுல எது முன்பக்கம் அண்ணாச்சி?"

"யாருக்குத் தெரியும்? அவருகிட்டயே கேட்டேன். எதா இருந்தா என்னவே, சேர் ஒண்ணுதானன்னுட்டாரு."

நோட்டிலிருந்து கார்டைப் பிய்க்க மனசு வரவில்லை. பிய்க்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அந்த மொத்தத் தலையணை நோட்டையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரெட்டியார்பட்டி பஸ் ஏறினாள் ஃபிளோரா. மூன்று மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

மாரித்தாய் கதவைத் திறந்து, வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் உள்ளே போனாள். முத்துராணி பால் ஊற்றாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். ஃபிளோரா தரையில் நோட்டை விரித்து, வெள்ளியன்று எடுத்த சீட்டைப் பக்கத்தில் வைத்தாள்.

"எக்கா, நான் உங்களுக்குக் காட்டுனது பாதிச் சீட்டு. முழுச் சீட்டு இதுதான். பின்பக்கம் அச்சாகாத தாள எடுத்து வச்சது என் தப்பு. பாருங்க, புதுமனை புகுவிழான்னு போட்டிருக்கு."

மாரித்தாய் குனிந்து பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். பிறகு ஃபிளோராவையும் அதே மாதிரி ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான அச்சடிக்கிறவுக? அன்னைக்கு இல்லாதத இன்னைக்கு அடிச்சுக் கொண்டாந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

ஃபிளோராவுக்கு அழுகையே வந்துவிட்டது. மாரித்தாய் அதைக் கவனித்த மாதிரி இல்லை. மகளின் போனை வாங்கினாள். சீட்டில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாகத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

இரண்டு தடவை ரிங் போய் எடுக்கப்பட்டது. பின்னால் பிளாஸ்டிக் சேர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கரகரத்த குரல்.

"ஞானையா பேசுதேன். சொல்லுங்க, நல்ல வீடா, துட்டி வீடா?"

முத்துராணி அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலோ? சொல்லுங்க தாயி. நல்ல வீடுன்னா கலர் துணி ஏத்தணும். துட்டி வீடுன்னா வெள்ளத் துணி, பொட்டி. ரெண்டும் நம்மகிட்டதான் கிடக்கு. எந்த வீடுன்னு நீங்க சொன்னாத்தான் நான் வண்டியில ஏத்த முடியும்."

மாரித்தாய் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். மாவிலை காணாத நிலைவாசல், சுவரோரம் இன்னும் கட்டு அவிழ்க்காத இரண்டு சாக்கு மூட்டை, ஒன்றரை வருஷமாகப் பால் பொங்காத அடுப்பு. தன் வீட்டுக்கு வெளியிலேயே தன்னை யாரோ நிறுத்திவைத்திருந்ததுபோல அவளுக்குத் திடீரென்று கோபம் வந்ததை ஃபிளோராவும் கண்டாள்.

"நல்ல வீடுதான்" என்றாள் சத்தமாக. "பால் காய்ச்சணும்."

"சந்தோசம். என்னைக்கு?"

"புதங்கிழம எனக்கு ஆபரேசன். முடிஞ்சு வந்து தேதி சொல்லுதேன். அம்பது சேர் வேணும். மலையில இருந்து வந்த சனம் பூரா இந்தக் கட்டடத்துலதான் இருக்கு. மூணாவது மாடி, ஏத்திருவீகளா?"

"மொட்ட மாடிக்கே ஏத்திருவோம் தாயி. உடம்பப் பாத்துக்கிடுங்க. பேரு?"

"மாரித்தாய்."

போனை வைத்ததும் முத்துராணி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாரித்தாய் மகளின் முதுகைத் தடவியபடியே ஃபிளோராவைப் பார்த்தாள். "ஏட்டி, இனிமே முழுச் சீட்டா வச்சுக்கிட்டு ஜோசியம் பாரு. அரைச் சீட்ட வச்சு ஊரப் பயங்காட்டாத. சாயாவக் குடி, ஆறுது."

திங்கட்கிழமை ஃபிளோரா எழுபத்திரண்டு சீட்டையும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலியாக நின்ற இரண்டு பக்க வேலை பதினொன்று இருந்தது. பதினொன்றையும் பழைய பேப்பர்க் கட்டில் போட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை காலையில், மூன்றாவது மாடியில் பால் பொங்கியது. ஞானையா தானே வந்து சேர் இறக்கினார். ஐம்பது போதவில்லை, கீழே போய் இன்னும் இருபது கொண்டுவந்தார். ஃபிளோரா கேட்டதும் சட்டைப்பையிலிருந்து இரண்டு பக்கமும் அச்சான கார்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை அங்கேயே, பையில் கொண்டுவந்திருந்த அல்வா டப்பாவில் சேர்த்தாள்.

டப்பாவைக் கண்ட மாரித்தாய் பந்தியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். "கொண்டாந்திருக்கியா? குடு இங்கன."

"எக்கா, வேண்டாம்க்கா. நல்ல நாளும் அதுவுமா."

"குடுட்டி." கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு சீட்டை உருவினாள். சுற்றி இருந்த சனம் எட்டிப் பார்த்தது. பெரிய டேங்கர் லாரி, அதிலிருந்து தொங்கும் தடிமனான குழாய். செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்படும்.

ஃபிளோரா பலன் சொல்ல வாயெடுத்தாள். மாரித்தாய் அதற்கு முன்னால் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தன் வயிற்றைத் தட்டினாள்.

"இது போன மாசமே முடிஞ்சிட்டுட்டி. வேற எடு."