பின்சக்கரத்துக்கு மேலே ஒரு வளைவு

தெரிந்தவர்கள் எல்லாம் அவரை ஆரூடக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கைரேகை பார்க்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கார் பத்திரிகைக்குப் படம் போடுகிறவர். வரப்போகிற கார் எப்படி இருக்கும் என்று, அது வருவதற்கு முன்னாலேயே யோசித்து வரைந்து காட்டுவார். பாதி பலிக்கும், பாதி புஸ்வாணமாகும். அதெல்லாம் அவருக்குக் கவலையில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மார்தட்டிக்கொள்வார்: "பதினஞ்சு வருஷத்துல ஒரு போட்டோ மேலயும் தாள வெச்சுப் படி எடுத்ததில்ல. எல்லாம் யோசிச்சு வரைஞ்சது."

அவர் மனைவி கார் கம்பெனியில் களிமண் வேலை செய்கிறவள். வரப்போகிற காரை முதலில் முழு அளவில் களிமண்ணில்தான் செய்வார்கள். கண்ணுக்குத் தப்புகிற மேடுபள்ளத்தை உள்ளங்கையால் தடவித்தான் கண்டுபிடிப்பார்கள். வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேலையைப் பற்றி அவள் மூச்சு விடமாட்டாள், இவர் வாயைத் திறந்து கேட்கமாட்டார். அவள் கம்பெனி வண்டியை இவர் வரைவதும் கிடையாது.

சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? அந்தக் கம்பெனி, "எங்க ரேஸ் காரோட தொழில்நுட்பத்த ரோட்டுக்குக் கொண்டு வர்றோம்" என்று ஒரே ஒரு வரி அறிவித்தது. அவ்வளவுதான், உலகம் முழுக்க ஆளாளுக்கு அந்த சூப்பர்காரைக் கற்பனை செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கண்டவனெல்லாம் கண்டபடி வரைவதைப் பார்த்து மனுஷனுக்குக் கை பரபரத்தது. வரைந்தார். திங்கட்கிழமை காலையில் படம் பத்திரிகை அட்டையில் வந்தது. பதினோரு மணிக்கு மனைவியின் போன் வந்தது.

"உடனே கிளம்பி இங்க வாங்க." குரலில் உயிரே இல்லை. "என்னை ரூம்ல உக்கார வெச்சிருக்காங்க."

அந்த அறையில் ஜன்னல் கிடையாது. மேஜைக்கு அந்தப் பக்கம் வடிவமைப்புத் தலைவர், பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. சுவரோரமாக நாற்காலியில் மனைவி. வேலை உடையோடு, நகக்கண்ணில் களிமண்ணோடு உட்கார்ந்திருந்தாள். மேஜையில் அவர் வரைந்த படம் கிடந்தது. பின்சக்கரத்துக்கு மேலே சிவப்பு மையில் ஒரு வட்டம்.

தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "மத்ததெல்லாம் யாரும் ஊகிக்கலாம். இந்த வளைவு எந்த ரேஸ் கார்லயும் இல்ல. கதவுக்குப் பின்னாடி மேல ஏறி, நடுவுல லேசா உள்வாங்கி, மறுபடி ஏறுது. பத்து தடவ செஞ்சு அழிச்சு, பதினோராவது தடவதான் எங்களுக்கே இது கிடைச்சுது. செஞ்சவங்க உங்க மனைவி. பார்த்தவங்க மொத்தம் ஆறே பேர்."

"சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள்.

"அப்ப அவரே சொல்லட்டும்." அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். "மறுபடி வரைங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா உங்க ஊகம்னு விட்டுடறோம். இல்லேன்னா இவங்களுக்கு இன்னிக்கோட வேலை போச்சு. வேற எந்தக் கம்பெனியும் சேர்த்துக்காது."

ஆரூடக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் பயத்தை விட நம்பிக்கைதான் அதிகமாக இருந்தது. 'இவர் சொல்லிடுவார், இவருக்குத் தெரியாத காரணமா' என்கிற மாதிரி ஒரு பார்வை. சரி, யோசித்துத்தானே வரைந்தோம், வந்துவிடும் என்று பென்சிலை எடுத்தார்.

வந்தது. "இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடி, அதனால கூரை முன்னால தள்ளி நிக்கும். அடியில காத்து வேகமா போனா வண்டி ரோட்டோட ஒட்டிக்கும், அதனால மூக்கு தரையத் தொடுற மாதிரி. பின்னாடி இருக்கற றெக்கை வேகத்துக்குத் தக்கபடி எழும்பும், படுக்கும்..." தலைவர் தன்னையறியாமல் தலையாட்டினார்.

பின்சக்கரத்துக்கு வந்தார். வரைவதற்கு முன் அவர் கை தாளைத் தடவியது. நான்கு விரலும் சேர்ந்து மேலே ஏறி, நடுவில் கட்டைவிரல் மட்டும் சற்றே தூக்கி, மறுபடி ஏறி...

சட்டென்று பொறி தட்டியது. ஐயோ, இது என் கை இல்லையே!

சோபாவின் கைப்பிடியில் ஆறு மாதமாக இதே தடவல். மேஜை துடைக்கும்போது இதேதான். மடியில் படுத்த மகளின் முதுகில் தினமும் இதேதான். நாளெல்லாம் களிமண்ணில் தேடிய வளைவை, அவள் கை வீட்டுக்கு வந்த பிறகும் விடாமல் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. சொன்னது அவளுக்கே தெரியாது. கேட்டது இவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் இவள் கதை முடிந்தது.

"ம்? காரணம்?" என்றார் அதிகாரி.

கையைச் சட்டென்று மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "காரணம்... இல்லைங்க."

மனைவி எழுந்தேவிட்டாள்.

"படி எடுத்தேன்" என்றார். "போன சீசன்ல, டிராக்கோட கடைசித் திருப்பத்துல எடுத்த ரேஸ் கார் போட்டோ ஒண்ணு இருக்கு. அது மேல தாள வெச்சுப் படி எடுத்தேன். பின்றெக்கையோட நிழல் அந்த இடத்துல விழுந்திருந்துது. நிழலப் போய் பள்ளம்னு நெனச்சு வரைஞ்சிட்டேன்."

அதிகாரி போட்டோவைத் தேடினார். நிழல் இருந்தது ஆரூடக்காரருக்கு நன்றாக ஞாபகம். ஆனால் எவ்வளவு தள்ளி? முன்னே பின்னே இருந்துவிட்டால்? திரையில் படம் விரிந்தது. சக்கரத்துக்கு மேலே, சிவப்பு வட்டம் போட்ட அதே இடத்தில், மங்கலாக ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரிய ஆரூடக்காரர்! நாங்க பதினோரு தடவ முட்டிக்கிட்டோம், இவர் நிழலப் பார்த்துப் புடிச்சிட்டாரு!" அதிகாரி சிரிக்கவில்லை. படி எடுத்ததாக எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த இதழில் அதைப் போட வேண்டும், ஆரூடக்காரர் பெயரோடு. அவர் கையெழுத்துப் போட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி, "நீங்க படி எடுக்க மாட்டீங்களே" என்றாள். "எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"வேலை இருக்குல்ல? அதோட விடு."

"கேக்கறேன்ல. அந்த வளைவு உங்களுக்கு எங்கிருந்துதான் கிடைச்சுது?"

அவர் முன்சீட்டின் முதுகில் கையை வைத்துத் தடவிக் காட்டினார். ஏறி, கட்டைவிரல் தூக்கி, மறுபடி ஏறி. அவள் பார்த்தாள். புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. புரிந்ததும் இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

வீட்டில் மகள் பள்ளிப் பையைக் கூட வைக்காமல் ஓடிவந்து அம்மா மடியில் குப்புற விழுந்தாள். அம்மாவின் கை தானாக அந்த முதுகில் ஏறியது. பாதியில் நின்றது.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றது குழந்தை. "தடவும்மா."

அவள் நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "இனிமே எப்படிங்க தடவுறது?" என்றாள்.