அறுநூறு புள்ளிக் கிடாய்

இந்தக் காலத்தில் எவனும் ஆளை நம்புவதில்லை, கம்ப்யூட்டரைத்தான் நம்புகிறான். என் கிடாயை எங்கள் ஊர்க் கூத்தையா பிடித்துவைத்துக்கொண்டு, காதில் அடையாளத்துக்கு இருக்கும் இரண்டு வெட்டும் போன மாதம் தானே போட்டது என்றான்.

போன வருஷம் என் பேத்தி சடங்கில் எடுத்த படத்தில் அந்தக் கிடாய் எங்கள் வாசலில் நிற்கிறது. காதுதான் பொடிசு, வெட்டு தெரியவில்லை. உச்சிப்புளி போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனோம். கூத்தையா கிடாயோடு வெளியே நின்றான். ஸ்டுடியோக்காரன் கபீர் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினான். காது கட்டம் கட்டமாக வந்தது.

"ஏலே, காதைக் கறி போட்டுட்டியா?"

"அங்குலத்துக்கு நூறு புள்ளியில எடுத்துட்டேன் அய்யா. அறுநூறு வைக்கிறேன், தெளிவா வரும்."

இரண்டு வெட்டும் பளிச்சென்று தெரிந்தன. கபீர் அச்செடுத்து வெளியே கொண்டுவந்த தாளைப் பார்த்ததும் கூத்தையா கயிற்றைக் கொடுத்தான். கிடாய் தாளைப் பிடுங்கித் தின்றுவிட்டது.

"அறுநூறு புள்ளியும் போச்சே," என்றான் கபீர்.

"எங்கன இருந்துச்சு? நான் ஒண்ணுகூடப் பார்க்கலையே," என்று கிடாயை இழுத்துக்கொண்டு நடந்தேன்.